ஃபார்மட் போடும் முன் மூடியைக் கழற்றுங்கள்!

ஈரோட்டில் வீட்டுக் கம்ப்யூட்டர் நாலு தடவை தானாக அணைந்து எழுந்தால், அடுத்த நாளே அதற்கு ஃபார்மட் போட்டுவிடுகிறார்கள். விண்டோஸ் புதிதாக ஏறுகிறது, டேலி ஏறுகிறது, பிரிண்டரும் இணைந்துவிடுகிறது. இரண்டு வாரம் நன்றாக ஓடுகிறது. பிறகு ஒரு திங்கட்கிழமை இரவு, கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தைக்குப் போகவேண்டிய சரக்குக்கு பில் போட்டுக்கொண்டிருக்கும்போது திரை கறுத்துப்போகிறது. "ஏனுங்க தம்பி, மறுக்காவும் நின்னு போச்சுங்களே" என்று சர்வீஸ் கடைக்குப் போன் போகிறது. "அப்ப மதர்போர்டு போயிருக்குங்கண்ணா, புதுசா ஒரு செட்டு போட்டுக்கலாங்க" என்று பதில் வருகிறது.

எதனால் நின்றது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு முறை நிற்கும்போதும், எந்த நேரத்தில் எந்த நிலையில் நின்றேன் என்று கம்ப்யூட்டர் தன் டிஸ்க்கிலேயே பதிந்துவைக்கிறது. ஃபார்மட் போட்டால் முதலில் அழிவது அந்தப் பதிவுதான். தடயத்தைத் துடைத்துவிட்டு மதர்போர்டின் மேல் பழியைப் போடுவது பழுதுபார்ப்பு ஆகாது. அதிலும் ஈரோட்டுக்கென்றே கரண்ட், வெயில், தறிப்பஞ்சு என்று மூன்று சந்தேகங்கள் உண்டு. அவற்றைப் பார்த்து முடிக்காமல் விண்டோஸைக் குறை சொல்லவே கூடாது.

எப்படி நிற்கிறது?

"கம்ப்யூட்டர் நின்னுபோச்சு" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அது மூன்று விதமாக நிற்கும். எந்த விதம் என்று தெரிந்துகொண்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் சட்டென்று அணைந்தாலோ, அணைந்து தானாக எழுந்தாலோ, சந்தேகப்படவேண்டியது கரண்ட், எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றிக்கொடுக்கும் பெட்டி), சூடு ஆகியவற்றை. எழுத்துகளோடு நீலத்திரை வந்து, பிறகு ரீஸ்டார்ட் ஆனால் ராம், டிரைவர், டிஸ்க் என்று தேடவேண்டும். இந்த நீலத்திரை, புதிய விண்டோஸ் 11-இல் 2025 முதல் கறுப்பாகிவிட்டது. படம் அப்படியே உறைந்து, மவுஸும் நகராமல், பாட்டு ஒரே இடத்தில் கரகரவென்று சுற்றினால் அது ஹேங். டிஸ்க், ராம், கிராஃபிக்ஸ் கார்டு மூன்றில் எதுவும் காரணமாக இருக்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நீலத்திரை வந்த உடனே தானாக ரீஸ்டார்ட் ஆகும்படிதான் விண்டோஸ் அமைக்கப்பட்டிருக்கிறது. வேகமான எஸ்எஸ்டி போட்ட கம்ப்யூட்டரில் அந்தத் திரை கண்சிமிட்டும் நேரம்கூட நிற்காது. வீட்டில் இருப்பவர் "சும்மாதாங்க இருந்துச்சு, பட்டுன்னு ஆஃப் ஆயிருச்சு" என்பார். உண்மையில் அது நீலத்திரையாக இருந்திருக்கலாம். 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' போய், 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' என்ற பகுதியில் 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' என்பதற்கு முன்னால் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம். சர்வீஸ் செய்பவருக்கு நீங்கள் சொல்லும் பத்து வாக்கியத்தைவிட அந்தப் படம் உதவும்.

கம்ப்யூட்டர் எழுதிவைத்திருக்கும் நாட்குறிப்பைப் படிப்பதும் கடினமில்லை. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று வரும். நாள்வாரியாக ஒரு கோடு, நின்ற நாட்களில் சிவப்புப் பெருக்கல் குறி. எந்த நாளில் எந்த மென்பொருள் ஏறியது என்பதும் அதிலேயே இருக்கும். புதன்கிழமை புதிய பிரிண்டர் டிரைவர் போட்டு வியாழன் முதல் சிவப்புக் குறிகள் தொடங்கியிருந்தால், அதற்கு மேல் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

இன்னும் உள்ளே போக விரும்புகிறவர்கள் 'ஈவன்ட் வியூவர்' பார்ப்பார்கள். அங்கே 'கெர்னல் பவர் 41' என்ற பதிவைக் கண்டு எஸ்எம்பிஎஸ் போச்சு என்று முடிவுகட்டிவிடுகிறவர்கள் நிறையப்பேர். அந்தப் பதிவு சொல்வது ஒன்றே ஒன்றுதான்: போன முறை முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை. காரணத்தை அது சொல்லவில்லை. அதன் விவரத்தில் 'பக்செக் கோடு' பூஜ்யமாக இருந்தால் விண்டோஸுக்குத் தன் கடைசி வார்த்தையை எழுதக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள். கரண்டும் சூடும் அங்கேதான் முதல் குற்றவாளிகள். எண் ஏதாவது இருந்தால் அது நீலத்திரை வழக்கு. 'சி' டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். ஒவ்வொரு நீலத்திரைக்கும் ஒரு சிறிய கோப்பு அங்கே கிடக்கும். ஃபார்மட் போடத்தான் வேண்டும் என்றாலும், அந்த ஃபோல்டரை ஒரு பென் டிரைவில் எடுத்துவைத்துக்கொண்டு போடுங்கள்.

"யூபிஎஸ் இருக்குதுங்களே!"

கரண்டைப் பற்றிக் கேட்டால் எல்லா வீட்டிலும் வரும் பதில் இது. 2008-இல் தொடங்கிய மின்வெட்டுக் காலத்தில், அதிலும் 2012-இல் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது, கொங்கு நாட்டில் யூபிஎஸ்ஸும் இன்வெர்ட்டரும் வீட்டுச் சாமான் ஆகிவிட்டன. அன்று வாங்கிய பெட்டிகள் பல இன்றும் மேஜைக்கடியில் இருக்கின்றன. உள்ளே இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் அவர் பேட்டரி ஈரோட்டு வெயிலுக்கு இரண்டு மூன்று வருடம் தாங்கினாலே அதிகம். பச்சை விளக்கு எரிவதால் பேட்டரி உயிரோடு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. சுவர் ஸ்விட்சை ஒருமுறை அணைத்துப் பாருங்கள். அதற்கு முன் வேலைகளையெல்லாம் சேவ் செய்துவிடுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிறதா? இதற்கு ஒரு கணக்கு உண்டு. கரண்ட் போனதும் வீட்டு யூபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லி செகண்டுகள், பத்து வரைக்கும்கூட, எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் கம்ப்யூட்டரைத் தாங்கிப் பிடிக்கவேண்டியது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர். நல்ல எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லி செகண்ட் தாங்கும். கேபினட்டோடு சேர்த்து மலிவாக வந்ததும், வயதானதும் அவ்வளவு தாங்குவதில்லை. எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் ஆயுள், சூடு 10 டிகிரி கூடினால் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஆகவே, யூபிஎஸ்ஸை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராத தொல்லை, ஒரு நல்ல எஸ்எம்பிஎஸ் போட்டதும் தீர்ந்துவிடுவதில் வியப்பில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க, மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் போதும். பழைய வகை நாலு முள் கனெக்டரில் மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையே 12 வோல்ட் இருக்கவேண்டும். 11.4-க்குக் கீழே போனாலோ 12.6-க்கு மேலே ஏறினாலோ அது தகுதி இழந்துவிட்டது. சும்மா இருக்கும்போது மட்டும் அளக்காமல், வீடியோவோ கேமோ ஓடும்போதும் அளக்கவேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் வீட்டில் திறக்கவேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கக்கூடும்.

எர்த் விஷயத்தில் நம் வீடுகள் காட்டும் அலட்சியத்தை என்னவென்று சொல்வது! கேபினட்டின் இரும்பைப் புறங்கையால் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறதா? பலர் அதைப் பழகிக்கொண்டுவிடுகிறார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே மின்னிரைச்சலை வடிகட்டும் சிறிய கெபாசிட்டர்கள் இருக்கின்றன. எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் மிகச்சிறிய கரண்ட் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லாத வீட்டில் அது போக வழியில்லாமல் கேபினட்டில் தங்கிவிடும். மீட்டர் வைத்தால் 110 வோல்ட் போலக்கூடக் காட்டும். யுஎஸ்பி சாதனங்கள் அறுந்து அறுந்து இணைவதும், காரணமே இல்லாமல் ஹேங் ஆவதும் இதனோடு வரலாம். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். மே மாதத்தில் எர்த் குழி காய்ந்து கிடப்பதே பல வீடுகளில் காரணம். கரியும் உப்பும் போட்டுக் குழிக்குத் தண்ணீர் ஊற்றும் பழைய வேலை இன்றைக்கும் தேவைதான். மூன்றாவது முள் இல்லாத எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் கம்ப்யூட்டரைச் செருகியிருந்தால் அதை இன்றே தூக்கிப்போடுங்கள். லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் செருகியிருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். அது சூடேறும் அந்த நொடியில் இழுக்கும் கரண்டை வீட்டு யூபிஎஸ் தாங்காது.

தறிப்பஞ்சு

2024 ஏப்ரலில் ஈரோட்டு வெயில் 42 டிகிரியைத் தாண்டியது. ஓட்டு வீட்டு முன்னறையில் மதியம் மூன்று மணிக்கு எத்தனை இருந்திருக்கும் என்று ஈரோட்டுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ப்ராசஸரும் ஏறக்குறைய அத்தனை டிகிரி ஏறும். ஏசி அறையில் 65-இல் ஓடும் ப்ராசஸர் இங்கே 80-ஐத் தொடும். பல இன்டெல் ப்ராசஸர்களில் 100 டிகிரி எல்லை. அதை நெருங்கினால் ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால், தன்னைக் காத்துக்கொள்ள மொத்தமாக அணைந்துவிடும். முதலில் மந்தம், பிறகு திடீர் மரணம் என்ற வரிசையில் நடந்தால் அது சூடு என்று தயங்காமல் சொல்லலாம்.

வீரப்பன்சத்திரத்தில் ஒரு தறிக்காரர் வீடு. சுவருக்கு அந்தப்பக்கம் தறிகள் ஓடுகின்றன, இந்தப்பக்கம் கம்ப்யூட்டர். கல்லூரியில் படிக்கும் மகனுக்கும் ஜிஎஸ்டி கணக்குக்கும் அந்த ஒரே செட்டுதான். காலையில் ஒழுங்காக ஓடும், மதியத்துக்கு மேல் நிற்கும். இரண்டு முறை ஃபார்மட் ஆகிவிட்டது. மூன்றாவதாக வந்த மெக்கானிக் பையன், திரையைப் பார்க்காமல் நேராகக் கேபினட்டின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினான். ப்ராசஸர் மேலிருந்த ஃபேனின் நாலு ஸ்க்ரூவை எடுத்துத் தூக்கினான். அடியில் இருந்த அலுமினியத் தகடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மூடியிருந்தது. பாவில் போட்ட கஞ்சிப்பொடியும் பஞ்சும் சேர்ந்து இறுகியது அது. ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தபோது, கல்லிலிருந்து தோசை எடுப்பதுபோல் முழுசாக உரிந்து கையோடு வந்தது. "இதுக்குள்ள காத்து எப்படிங்க போகும்?" என்றான். வீட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பாவு நூலுங்க தம்பி" என்றார். தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து மூடினான். கணக்கு வேலையின்போது 90-க்கு மேல் காட்டிக்கொண்டிருந்த சூடு அறுபதுகளில் இறங்கியது.

மாணிக்கம்பாளையம், சித்தோடு, ஆற்றுக்கு அக்கரையில் பள்ளிபாளையம் என்று தறிச்சத்தம் கேட்கும் எந்தத் தெருவிலும் இதே கதைதான். மஞ்சள் மண்டிப் பக்கம் போனால் பஞ்சுக்குப் பதில் மஞ்சள் தூசி. சென்னையில் இருப்பவர் வருடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்தால் போதும் என்பார். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. தறிக்குப் பக்கத்து வீடு என்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறக்கவேண்டும்.

சுத்தம் செய்வதற்கும் முறை உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்தி மிச்சக் கரண்டை வடியவிடுங்கள். வாசலுக்குக் கொண்டுபோய் புளோயர் பிடியுங்கள். ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும். காற்று வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். வீட்டு வேக்குவம் கிளீனரின் முனையை போர்டுக்கு அருகே கொண்டுபோகாதீர்கள், நிலைமின்சாரம் சிப்பைக் கொல்லும். ப்ராசஸரிலிருந்து ஹீட் சிங்க்கை எடுத்துவிட்டால் பழைய பேஸ்ட்டோடு திரும்ப உட்காரவைக்கக் கூடாது.

ஆசாரியிடம் சொல்லிச் செய்த கம்ப்யூட்டர் மேஜைகளையும் இங்கே சொல்லியாகவேண்டும். கேபினட்டுக்கென்று மூன்று பக்கமும் அடைத்து, முன்னால் கதவும் வைத்த அறை! பார்க்க அழகுதான். வெளியே வந்த சூடான காற்றையே ஃபேன் திரும்ப இழுக்கிறது. பின்பலகையை இன்றே அறுத்தெடுங்கள். தூசி படாமல் இருக்கட்டும் என்று தைத்துப் போட்ட துணி உறையும் கம்ப்யூட்டர் ஓடும்போது அதன் மேல் இருக்கக் கூடாது.

பிறகுதான் ராமும் டிஸ்க்கும்

மேலே சொன்னவை சரியாக இருந்தும் நீலத்திரை வந்தால் ராமைப் பாருங்கள். கழற்றி, தங்கநிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் துடைத்து, பொடியை ஊதிவிட்டுத் திரும்பச் செருகும் நம்மூர் வைத்தியம் பல நேரம் பலிக்கிறது. பலிக்காவிட்டால் விண்டோஸிலேயே இருக்கும் 'மெமரி டயக்னாஸ்டிக்' அல்லது 'மெம்டெஸ்ட்86' கொண்டு ஓர் இரவு முழுக்கச் சோதிக்கலாம். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள்.

டிஸ்க் சந்தேகம் என்றால் சோதனைக்கு முன் நகல். குடும்பப் படங்கள், டேலி டேட்டா, மகளின் ப்ராஜெக்ட் எல்லாம் வேறு டிஸ்க்குக்குப் போன பிறகுதான் 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' போன்ற கருவியைத் திறக்கவேண்டும். சாகும் ஹார்டு டிஸ்க்கைச் சோதனை என்ற பெயரில் வேலை வாங்கினால், அதுவே அதன் கடைசி ஓட்டமாகிவிடும்.

உலகமே ஏமாந்த வழக்குகள்

திரையில் வரும் செய்தி உண்மைக் குற்றவாளியைக் காட்டும் என்று நம்பிவிடக் கூடாது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் நடந்தது இதற்குச் சாட்சி. கேம் விளையாடுகிறவர்களுக்கு 'வீடியோ மெமரி போதவில்லை' என்று செய்தி வந்து கேம் மூடிக்கொண்டது. கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டி, அதை மாற்றியும் பார்த்தார்கள். தீரவில்லை. கடைசியில் 2024-இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது: ப்ராசஸர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கி, அதனாலேயே தேய்ந்துகொண்டிருந்தது. ஆகஸ்ட், செப்டம்பரில் மைக்ரோகோடு திருத்தங்கள் வந்தன. வாரண்டியும் இரண்டு வருடம் நீட்டிக்கப்பட்டது. அந்த மைக்ரோகோடு திருத்தங்கள் பயாஸ் அப்டேட் வழியாகத்தான் நம் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். ஜவுளி டிசைனுக்கும் வீடியோ எடிட்டிங்குக்கும் அந்தத் தலைமுறை ஐ7, ஐ9 வாங்கியவர்கள் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தேய்ந்துவிட்ட சிப்பை அப்டேட் குணமாக்காது. வாரண்டியில் மாற்றிக் கேட்கவேண்டும்.

அதற்கு இருபது வருடம் முன்பு கெபாசிட்டர் தொல்லை. தலை உப்பி, திரவம் கசிந்து, உலகெங்கும் மதர்போர்டுகள் செத்தன. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் விற்றவற்றில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்கள் அந்த அபாயத்தில் இருந்தன என்பது பின்னாளில் வழக்கு ஆவணங்களில் வெளிவந்தது. பழைய போர்டில் உருளைக் கெபாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உப்பியிருந்தால், எத்தனை ஃபார்மட் போட்டாலும் பயனில்லை.

மென்பொருளே குற்றவாளியாக இருந்த நாளும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரே ஒரு அப்டேட் கோப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத்திரையில் தள்ளியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக்கொடுத்தார்கள். 20 விவரங்களை எதிர்பார்த்த நிரலுக்கு 21 வந்தது. இல்லாத இடத்தை அது படிக்கப்போனது. விண்டோஸின் அடிமட்டமான கெர்னலில் ஓடும் நிரல் இப்படித் தவறினால், டேட்டா கெடுவதைவிட நின்றுவிடுவதே மேல் என்று விண்டோஸ் தன்னை நிறுத்திக்கொள்கிறது. நீலத்திரை என்பதே அந்தப் பாதுகாப்புதான். வீட்டிலும் டிரைவர், ஆன்டிவைரஸ், கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு நிரல் ஆகியவை அதே அடிமட்டத்தில் ஓடுகின்றன. காசு கொடுக்காமல் விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் 'கிராக்' நிரலுக்கு நாமே அட்மின் அனுமதி கொடுத்து ஓடவிடுகிறோம். அதோடு என்ன உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்ட விண்டோஸ் நின்றுபோவதற்குக் காரணம் தேடுவதே வீண். ஃபார்மட் உண்மையிலேயே தேவைப்படும் இடம் அதுதான்.

சர்வீஸ் கடைக்குக் கொடுக்கும்போது, எந்த விதமாக நின்றது, எந்த நேரத்தில், என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கேபினட்டில் ஒட்டிக் கொடுங்கள். எதனால் நின்றது என்று கண்டுபிடித்துச் சொல்லும்படி கேளுங்கள். அதைச் சொல்லும் நேரத்துக்கும் உழைப்புக்கும் தாராளமாகக் காசு கொடுங்கள். நல்ல மெக்கானிக்குகள் ஈரோட்டில் இருக்கிறார்கள், அவர்கள் பிழைக்கவேண்டும். மாற்றிய பழைய பாகத்தையும் பில்லையும் கேட்டு வாங்குங்கள். காரணம் சொல்லாமல் பாகத்தை மட்டும் மாற்றி, அதே கோளாறு திரும்ப வந்து, கடைக்காரர் கைவிரித்தால் அது சேவைக் குறைபாடு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.